நிஷா அக்கா சொன்னால் சரி

உபைதுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கும். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டிய கை. அதற்குச் சும்மா கிடந்து பழக்கமில்லை.

“நஸ்ரு, இன்னும் மூணு மணி நேரம் கீது. எதனா சொல்லு, போன்ல டைப் அடிக்கிறேன்” என்றார் ஒரு செவ்வாய்க்கிழமை.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நஸ்ருன்னிசா, அன்று காலை செய்த உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னாள். தோல் சீவிச் சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்ட வேண்டும். அப்போதுதான் கிழங்கில் இருக்கும் பொட்டாசியம் குறையும். சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். இப்படிச் செய்தால் ருசியும் தண்ணீரோடு போய்விடும். அதை மிளகும் பூண்டும் வைத்து எப்படி மீட்பது என்பதை அவள் இரண்டு வருடமாகத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். உபைத் ஒற்றை விரலால் அடித்து முடித்தபோது ஏழு வரி வந்தது.

இப்படித்தான் ‘உபைத் வீட்டுச் சாப்பாடு’ என்ற வலைப்பதிவு பிறந்தது. ஒன்பது மாதத்தில் அதற்கு முந்நூற்று நாற்பது வாசகர்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் நோயாளிகள், அல்லது நோயாளிக்குச் சமைப்பவர்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் முருங்கைக்கீரை போடலாமா என்று கேட்பாள். கூடாது, ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன போடலாம் என்று நஸ்ருன்னிசா சொல்ல, உபைத் ஒற்றை விரலால் பதில் அடிப்பார். அந்த முந்நூற்று நாற்பது பேரும் படித்ததை நிஜமாகவே சமைத்தார்கள். அதுதான் அந்த வலைப்பதிவின் முதல் குறை என்று பிற்பாடு அவளுக்குச் சொல்லப்பட்டது.

வைத்தியம் காப்பீட்டு அட்டையில் நடந்தது. ஊசி மருந்து, ஆட்டோ, ராயப்பேட்டை வீட்டு வாடகை எல்லாம் நஸ்ருன்னிசா தைக்கும் ஜாக்கெட்டில் நடக்க வேண்டியிருந்தது. நடக்கவில்லை. ஒரு நாள் போனில் விளம்பரம் வந்தது: ‘ருசியை எழுதுங்கள், லட்சங்களை அள்ளுங்கள். பன்னாட்டு உணவுப் பதிவர் கழகம், தி.நகர்.’ அவள் சீட்டு எடுத்த பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கழகம் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடையின் மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே தலைவருக்குத் ‘தலைமைச் சுவைஞர்’ என்று பெயர். மேனேஜர் ‘துணைச் சுவைஞர்’. வாசலில் டோக்கன் கொடுக்கும் ஆளுக்கு ‘வரவேற்புச் சுவைஞர்’. பணம் வாங்குகிறவர் மட்டும் கேஷியர் என்றே அழைக்கப்பட்டார்; அந்த விஷயத்தில் குழப்பம் வரக் கூடாதல்லவா.

கட்டணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் பித்தளை முலாம் பூசிய ஒரு கரண்டி கொடுக்கப்பட்டது. அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. மஞ்சள் கறை கண்டால் அபராதம். வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் எழுந்து, கரண்டியை நெற்றிக்கு நேரே பிடித்து உறுதிமொழி சொன்னார்கள்: “கேமரா பார்க்கும் முன் உண்ண மாட்டேன். உண்டது நன்றாயில்லை என்றாலும் கண்களை மூடி உம் என்பேன்.” நஸ்ருன்னிசா கடைசி வரிசையில் நின்று உம் என்றாள்.

தலைமைச் சுவைஞர் பாலகணேஷ் நாற்பத்தைந்து வயதுக்காரர். கோட்டுப் பையில் ஒரு சின்னக் கரண்டி செருகியிருந்தார்.

“நான் சமையலறைக்குள்ள போய்ப் பதினோரு வருஷம் ஆகுது” என்று ஆரம்பித்தார். “அதனாலதான் சமையலைப் பத்தி எனக்கு ஒரு தெளிவான பார்வை இருக்கு. நீங்க எல்லாம் சமைக்கறவங்களுக்காக எழுதறீங்க. தப்பு. சமைக்கறவன் படிச்ச உடனே போனைக் கவுத்து வெச்சுட்டு அடுப்புப் பக்கம் போயிடறான். அவன் நமக்கு நஷ்டம். படிச்சு, ஏங்கி, கடைசில ஓட்டல்ல ஆர்டர் பண்றான் பாருங்க, அவன்தான் வாசகன்.”

முன் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் கை தூக்கினார். “சார், நீங்க பதிவு எழுதி மாசம் எவ்வளவு சம்பாதிக்கறீங்க?”

“நான் பதிவு எழுதறதில்ல. பதிவு எழுதறது எப்படின்னு சொல்லித் தர்றேன். வருமானம் எங்க இருக்குன்னு இப்பப் புரியுதா?”

எல்லோரும் கை தட்டினார்கள். கேட்டவரும் தட்டினார்.

நஸ்ருன்னிசாவை உணர்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன் தலைவி தாரணிக்கு இருபத்தாறு வயது. அவள் ‘உபைத் வீட்டுச் சாப்பாடு’ முழுவதையும் இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“அக்கா, உருளைக்கிழங்கு ஏழு வரில முடிஞ்சிடுது. ரீடரும் ஏழு வரில போயிடுவான். நடுவுல விளம்பரம் எங்க போடறது? செய்முறை வர்றதுக்கு முன்னாடி ஆயிரத்து எண்ணூறு வார்த்தை வேணும். முதல் பாராவுல மழை பெய்யணும்.”

“மழை பெய்யலையேம்மா. வெயில் கொளுத்திக்கினு கீது.”

“பதிவுல பெய்யட்டும். அப்புறம் இந்தப் பேர். நஸ்ருன்னிசான்னா தேடறவன் எழுத்துக் கூட்டறதுக்குள்ள வேற பக்கம் போயிடுவான். நிஷா அக்கா. ‘நிஷா அக்கா சொன்னால் சரி.’ எப்படி?”

தாரணி பதினேழு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாவது பக்கத்தைப் படிக்க முயன்ற நஸ்ருன்னிசாவிடம், “எல்லாம் ஃபார்மாலிட்டி அக்கா, இதுவரைக்கும் யாருமே படிச்சதில்ல” என்றாள். அவ்வளவு பேர் படிக்காதது நல்லதாகத்தான் இருக்கும் என்று நஸ்ருன்னிசாவும் போட்டாள்.

“சாருக்கு இப்ப உடம்பு எப்படி அக்கா?” என்று தாரணி அன்போடு கேட்டாள்.

“பரவாயில்லம்மா. போன மாசத்துக்கு இந்த மாசம் தேவல.”

தாரணியின் முகம் வாடியது. “சரி, பார்த்துக்கலாம்” என்றாள்.

அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கழகத்துக்குச் சொந்தமாக ஒரு சமையலறை இருந்தது. அதில் கேஸ் இணைப்பு கிடையாது. நஸ்ருன்னிசா வீட்டில் சமைத்து எடுத்துப் போனதை வெள்ளைத் தட்டில் வைத்து, கிழங்குக்கு மர வார்னிஷ் அடித்தார்கள். ஆவி தெரிவதற்குத் தட்டுக்குப் பின்னால் ஊதுவத்தி கொளுத்தினார்கள். காலையிலிருந்து காத்திருந்த உபைத், ஒரு வாய் சாப்பிடலாமா என்று கேட்டார்.

“ஐயோ சார், வார்னிஷ். சாப்பிடற சீன் வேற ஒரு நாள்” என்றார் கேமராக்காரர்.

உபைதின் முகத்தைப் பார்த்த தாரணிக்குத் திருப்தி இல்லை. “டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் தெளிவா இருக்கார். இனிமே டயாலிசிஸுக்கு முந்தின நாள் கூட்டிட்டு வாங்க அக்கா. அப்பத்தான் கொஞ்சம் வீங்கி, மூச்சு வாங்கி, நேச்சுரலா இருக்கும்.” அன்றைக்கு மட்டும் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் மை தடவிச் சமாளித்தார்கள்.

அடுத்த வாரம் கழகம் நாட்காட்டி ஒன்று அனுப்பியது. எந்த மாதம் எந்தப் பதிவு என்று அதில் கட்டம் போட்டிருந்தது. வீட்டில் கட்டிலில் படுத்தபடி உபைத் அதை மேலிருந்து கீழே படித்தார்.

“நஸ்ரு, இன்னா இது? அக்டோபர்ல முறுக்கு. நவம்பர்ல நான் ஐ.சி.யூ. போறேனாம்.”

“உத்தேசம்னு போட்டிருக்காங்களே.”

“டிசம்பர் கட்டம் காலியா கீது. ‘சூழ்நிலையைப் பொறுத்து’ன்னு எழுதிக்கீறாங்க.” உபைத் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. “சரி வுடு. எதனா வருதான்னு பாப்போம்.”

வந்தது. ‘மழை பெய்த அந்த இரவில் என் கணவரின் கை சில்லிட்டபோது’ என்று தொடங்கிய உருளைக்கிழங்குப் பதிவை நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். மூன்று மாதத்தில் நிஷா அக்காவுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வாசகர்கள். கழகத்தின் பங்கு, உணர்ச்சிப் பிரிவின் பங்கு, வார்னிஷ் செலவு எல்லாம் போக முதல் மாதம் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் கைக்கு வந்தது. உபைதுக்கு ஊசி வாங்கினாள். அன்றைக்கு அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மருந்துக் கடையில் மாத்திரைச் சீட்டைப் பாதியாகக் குறைக்காமல் வாங்கினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாசகர்கள் இப்போது சமைக்கவில்லை. கண்ணீர் விடும் முகங்களையும் சிவப்பு இதயங்களையும் போட்டார்கள். எண்ணூறு இதயங்களுக்குக் கீழே திண்டுக்கல் பெண்ணின் கேள்வி கிடந்தது: ‘அக்கா, சேப்பங்கிழங்குக்கு எத்தனை தடவை தண்ணியைக் கொட்டணும்? அவருக்கு ஆசையா இருக்காம்.’ நஸ்ருன்னிசா பதில் சொல்லப் போனபோது தாரணி தடுத்தாள்.

“பதில் சொன்னா கேள்வி நின்னுடும் அக்கா. கேள்வி நின்னா கமெண்ட் குறையும்.”

“அந்தப் பொண்ணு தெரியாம எதனா செஞ்சு போட்டுட்டா?”

“போட்டா அதையும் வந்து எழுதுவாங்க இல்ல? அது ரெண்டாவது கமெண்ட்.”

தை மாதம் மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கத்தை வாடகைக்கு எடுத்துக் கழகம் பட்டமளிப்பு விழா நடத்தியது. நிஷா அக்காவுக்கு ‘வெள்ளிக் கரண்டி’ விருது. கனத்தைக் கையில் வாங்கியபோது அது இரும்பு என்று லேத்காரர் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மேடையில் விருதை வழங்கியவர் ‘ஜீவதாரா ஹெல்த் உப்பு’ நிறுவனத்தின் விற்பனைத் தலைவர். பாலகணேஷ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நண்பர்களே, சாதாரண வாசகன் இன்னைக்கு இட்லி படிப்பான், நாளைக்கு கிரிக்கெட் பார்ப்பான். நோயாளி அப்படி இல்ல. அவன் விசுவாசமானவன். அவனுக்கு வேற போக்கிடம் கிடையாது. நிஷா அக்கா நமக்கு ஒரு லட்சம் நோயாளிக் குடும்பத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்காங்க. பயத்துல இருக்கறவன் விலை கேக்க மாட்டான். இந்த மகத்தான சேவையில நம்ம கூடக் கை கோக்க ஜீவதாரா முன்வந்திருக்கு!”

அரங்கம் எழுந்து நின்று கரண்டிகளைத் தட்டியது.

உப்புப் பாக்கெட் ஒன்று நஸ்ருன்னிசாவின் கையில் கொடுக்கப்பட்டது. ‘குறைந்த சோடியம். இதயத்தின் தோழன்’ என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் இருந்தது. ஜாக்கெட் தைக்கும் கண்ணுக்குப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தும் தெரிந்தது. பொட்டாசியம் குளோரைடு. ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் முதல் நாளே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது அதைத்தான்: இந்த மாதிரி உப்பு வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

மேடையிலிருந்து இறங்கியதும் தாரணியிடம் சொன்னாள். “இத நான் சொல்ல மாட்டேன்மா. மத்தவங்க சாப்புடட்டும், கிட்னி போனவங்க சாப்புட்டா செத்துருவாங்க.”

இரண்டு நாளில் கழகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. மூன்று பேருக்கும் முன்னால் கரண்டிகள் வைக்கப்பட்டிருந்தன. நஸ்ருன்னிசா உணவு ஆலோசகரின் சீட்டை மேஜை மேல் வைத்தாள்.

துணைச் சுவைஞர் அதைத் தொடாமல் பார்த்தார். “இவங்களுக்கு எத்தனை ஃபாலோயர்?”

“அவங்க ஆஸ்பத்திரில வேலை பாக்கறாங்க சார்.”

“எத்தனை ஃபாலோயர்?”

“தெரியல சார். இருக்காது.”

“பூஜ்யம்னு குறிச்சுக்கங்க. ஆக, இது ஒரு தனிநபர் கருத்து. ஒரு லட்சம் பேர் உள்ளவங்க சொல்றதுக்குத்தான் தகவல்னு பேர்.”

பாலகணேஷ் கனிவாக முன்னால் சாய்ந்தார். “அம்மா, சாப்பிடுங்கன்னு உங்களை யாரு சொல்லச் சொன்னாங்க? ‘நான் வாங்கறது ஜீவதாரா’ன்னு சொன்னாப் போதும். வாங்கறது வேற, சாப்பிடறது வேற. வாங்கினதுக்கு அப்புறம் அவங்க அதை என்ன பண்றாங்கங்கறது அவங்க குடும்ப விஷயம். அடுத்தவன் குடும்ப விஷயத்துல தலையிடற பழக்கம் கழகத்துக்குக் கிடையாது.”

“செத்துட்டா?”

“வாசகர் எண்ணிக்கைல ஒண்ணு குறையும். அதை நாங்க தாங்கிக்கறோம்.”

மாதம் பதினெட்டாயிரம் என்றார்கள். இருபத்தைந்து என்றார்கள். நஸ்ருன்னிசா பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இருபத்தைந்தை நினைத்துக்கொண்டே வந்தாள். அதை மறைக்காமல் உபைதிடம் சொல்லவும் செய்தாள்.

“போனை எடு நஸ்ரு” என்றார் உபைத். நிஷா அக்கா பக்கத்தில் ஒற்றை விரலால் அடித்தார். ‘ஜீவதாரா உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் தொடாதீர்கள். சேப்பங்கிழங்கையும் தொடாதீர்கள். நஸ்ருன்னிசா.’ மழை எதுவும் பெய்யவில்லை.

பதிவு பதினொரு நிமிடம் இருந்தது. பிறகு பக்கம் திறக்கவில்லை. கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. பதினேழு பக்கத்தில் பன்னிரண்டாவது பக்கத்தின்படி நிஷா அக்கா, அவர் குரல், அவர் கணவர், கணவரின் நோய் ஆகியவை கழகத்தின் சொத்து என்று மாலையில் கடிதம் வந்தது.

மறுநாள் காலை நிஷா அக்கா புதிய வீடியோவில் தோன்றினார். கொஞ்சம் சிவப்பான, கொஞ்சம் இளைய நிஷா அக்கா. பக்கத்தில் தாடி வைத்த புது உபைத். நடிகர் என்பதால் நோய் அவருக்கு நன்றாகப் பொருந்தியது. ‘உப்பைப் பற்றி யாரோ விஷமி என் பெயரில் எழுதிவிட்டார். எங்கள் வீட்டில் ஜீவதாராதான்’ என்றார் அந்த அக்கா, கண் கலங்க.

நஸ்ருன்னிசா வீடியோவின் கீழே எழுதினாள்: ‘நான்தான் நஸ்ருன்னிசா. இது பொய்.’

உடனே பதில் வந்தது: ‘அன்புச் சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. பொறாமை உடம்புக்கு நல்லதல்ல. அன்புடன், நிஷா அக்கா.’ அடுத்த கணம் அவள் தடை செய்யப்பட்டாள்.

தி.நகருக்குப் போனாள். வரவேற்புச் சுவைஞர் மூன்று மாதமாக அவளுக்கு வணக்கம் சொன்னவர். இன்று பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “யாரைப் பாக்கணும்?” என்றார்.

“இன்னா சார், என்னைத் தெரியல? நிஷா அக்கா.”

“நிஷா அக்கா ரெக்கார்டிங்ல இருக்காங்க. நீங்க யாரு?”

போலீஸ் ஸ்டேஷனில் பொறுமையாகக் கேட்டார்கள். திருட்டுப் போனது என்ன என்று கேட்ட இடத்தில் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ். உபைதைப் படுக்க வைத்துவிட்டு நஸ்ருன்னிசா வார்டுக்கு வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். பெயர் சரோஜாதேவி என்றாள். புருஷனுக்கு மூன்றாவது டயாலிசிஸ்தான் ஆகிறதாம். பயத்தில் கையைப் பிசைந்துகொண்டே இருந்தவள், பேச ஆள் கிடைத்ததும் பையைத் திறந்து காட்டினாள்.

“ஒண்ணும் புரியாம இருந்தேங்க்கா. நல்லவேளை, போன்ல ஒரு அக்கா கீறாங்க. அவங்க புருஷனுக்கும் இதே வியாதி. அவங்க சொன்ன உப்பு, பாருங்க. டப்பால ரசஞ்சாதம் இதைப் போட்டுத்தான் கொண்டாந்துக்கீறேன்.”

“அய்யய்யோ, அத குடுக்காதே. அதுல பொட்டாசியம் கீது. உள்ள நர்ஸம்மாவக் கேளு.”

“அவங்க வீட்டுக்காரருக்கே குடுக்கறாங்க. நீங்க இன்னா டாக்டரா?”

“நான்தான்மா அந்த நிஷா அக்கா.”

சரோஜாதேவி போனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். “அவங்க கலரா இருப்பாங்க” என்றாள்.

நஸ்ருன்னிசா சாப்பாட்டு டப்பாவையும் உப்புப் பாக்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கை கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். சரோஜாதேவி கத்தினாள். புருஷனுக்குக் கொண்டுவந்த சோற்றைப் பறித்துக்கொண்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் கூடியது. இரண்டு பேர் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். காவலாளி வந்து, “சண்டை போடறதா இருந்தா வெளிய போய்ப் போடும்மா” என்று நஸ்ருன்னிசாவைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். உள்ளே உபைதுக்கு இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது. சற்று நேரத்தில் சரோஜாதேவி வெளியே வந்து, அவளை முறைத்துவிட்டு, எதிர்க் கடையில் அதே உப்பில் இன்னொரு பாக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நஸ்ருன்னிசா பின்னாலேயே ஓடினாள். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். கைப்பையிலிருந்து உணவு ஆலோசகரின் சீட்டை எடுத்து நீட்டி, “அண்ணே, நர்ஸம்மா கைல இந்தச் சீட்டையாவது குடுங்கண்ணே” என்று கெஞ்சினாள். அவர் சீட்டை வாங்கிப் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. தாரணி.

“அக்கா! வீடியோ பாத்தேன். ‘நிஷா அக்காவின் உப்பைக் கொட்டிய பொறாமைக்காரி.’ ஒரு மணி நேரத்துல ரெண்டு லட்சம் போயிருக்கு அக்கா. அந்த ஓட்டம், அந்த முகம்! நிஷா அக்காவா இருந்தப்ப உங்ககிட்ட இதெல்லாம் வரவே இல்ல. சார் ரொம்ப சந்தோஷப்படறார். வாரம் ஒரு வீடியோ. நிஷா அக்காவுக்கு எதிரா நீங்க வந்து கத்தணும். முப்பதாயிரம் தரச் சொல்லியிருக்கார்.”

நஸ்ருன்னிசா ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றாள். பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

“அதுல, இந்த உப்பத் தொடாதீங்க, செத்துருவீங்கன்னு நான் சொல்லலாமாம்மா?”

“தாராளமா சொல்லுங்க அக்கா. எவ்வளவு சத்தமா வேணாலும் சொல்லுங்க. வில்லி சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

நஸ்ருன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டாள்.